ஒரு வேல்ஸ் நடிகரின் ஊர்களில்: ரிச்சர்ட் பர்ட்டன் பயணக் குறிப்புகள்

சனிக்கிழமை, லண்டன்

வாட்டர்லூ ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து சில நிமிடம் நடந்தால் ஓல்ட் விக் அரங்கம் வந்துவிடுகிறது. 1818-இல் கட்டப்பட்ட இந்த அரங்கில், 1953-54 பருவத்தில், ரிச்சர்ட் பர்ட்டன் ஐந்து ஷேக்ஸ்பியர் பாத்திரங்களை மாற்றி மாற்றி ஏற்றார்: ஹாம்லெட், கோரியலேனஸ், ‘கிங் ஜான்’ நாடகத்தின் பாஸ்டர்ட், ‘ட்வெல்ஃப்த் நைட்’டின் குடிகார சர் டோபி, ‘டெம்பெஸ்ட்’டின் கேலிபன். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. ‘த ரோப்’ என்ற முதல் சினிமாஸ்கோப் படத்தின் நாயகனாக உலகெங்கும் திரையில் தோன்றிக்கொண்டிருந்த ஒருவர், அதே ஆண்டில் லண்டனுக்குத் திரும்பி, திரைப்படச் சம்பளத்தோடு ஒப்பிட முடியாத சொற்பத் தொகைக்கு இந்த மேடையில் நின்றார்.

பர்ட்டன் என்றதும் நம்மில் பலருக்கு எலிசபெத் டெய்லரும், 69 காரட் வைரமும், அந்த இருவரும் இரண்டு முறை மணந்து இரண்டு முறை பிரிந்த கதையும்தான் நினைவுக்கு வரும். ஆங்கில விமர்சகர்களிடம் வேறொரு கதை உண்டு. லாரன்ஸ் ஆலிவியருக்கு அடுத்து மேடையின் அரியணையில் அமர்ந்திருக்க வேண்டியவர், ஹாலிவுட் பணத்துக்கும் மதுவுக்கும் தன்னை விற்றுவிட்டார் என்பது அவர்களுடைய தீர்ப்பு. அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகளிலும் அந்தத் தீர்ப்பு ஏதோ ஒரு வடிவில் ஒலித்தது. அவர் எங்கே என்ன கற்றார், கற்றதை எங்கே செலவழித்தார் என்பதை அந்தந்த இடங்களிலேயே நின்று பார்த்தால் அந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை அறியவே இந்தப் பயணம். பிறந்த ஊரில் தொடங்காமல் பின்னோக்கிப் போகிறேன். அதற்குத் தத்துவக் காரணம் எதுவும் இல்லை. நான் லண்டனில் வந்து இறங்கினேன், ரயில் பாதை மேற்கே வேல்ஸை நோக்கிப் போகிறது, அவ்வளவுதான்.

மாலையில் ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் உள்ள கில்குட் அரங்கின் முன்னால் சிறிது நேரம் நின்றேன். 1949-இல் இதன் பெயர் குளோப். கிறிஸ்டோபர் ஃப்ரையின் ‘த லேடீஸ் நாட் ஃபார் பர்னிங்’ என்ற கவிதை நாடகத்தை ஜான் கில்குட் இங்கே நடத்தினார். முதன்மைப் பாத்திரமும் அவருடையதே. பர்ட்டனுக்கு ஓர் எழுத்தர் வேடம். மேடையின் நடுவே பெரிய நடிகர்கள் ஃப்ரையின் அலங்காரமான வரிகளைப் பரிமாறிக்கொண்டிருக்க, அவர் மண்டியிட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டும். பேச எதுவும் இல்லாத அந்த நேரத்தில்கூடப் பார்வையாளர்களின் கண்கள் அந்தத் துடைப்பவனின் பக்கமே போயின என்று அந்தத் தயாரிப்பைப் பற்றி எழுதியவர்கள் திரும்பத் திரும்பக் குறிப்பிடுகிறார்கள். அவர் ஒன்றும் சேட்டை செய்யவில்லை. உண்மையாகவே தரையைத் தேய்த்தார். பர்ட்டனைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் குரலையே பேசுகிறார்கள் என்பதால், லண்டனில் அவரைக் கவனிக்க வைத்தது பேச்சில்லாத ஒரு காட்சி என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.

ஓல்ட் விக் ஹாம்லெட்டுக்கு வின்ஸ்டன் சர்ச்சில் வந்து முன்வரிசையில் அமர்ந்து, வசனங்களைக் கூடவே முணுமுணுத்த கதையைப் பர்ட்டன் பிற்காலத் தொலைக்காட்சிப் பேட்டிகளில் மிகுந்த நாடகத்தோடு சொல்வார். வேகமாகப் பேசினாலும் மெதுவாகப் பேசினாலும் அந்தக் கிழவரை உதற முடியவில்லை என்பார். கதை சொல்லும்போது பர்ட்டன் கொஞ்சம் கூட்டியே சொல்லும் வழக்கமுடையவர் என்பதையும் சேர்த்தே இதை வாசிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, ஸ்ட்ராட்ஃபோர்ட்

ஏவன் ஆற்றங்கரையில் அன்னங்களும் சுற்றுலாப் பயணிகளும் சம எண்ணிக்கையில் இருந்தார்கள். ராயல் ஷேக்ஸ்பியர் அரங்கு 2010-இல் உள்ளே முற்றிலும் மாற்றிக் கட்டப்பட்டுவிட்டது. பார்வையாளர்களுக்கு நடுவே மேடை நீண்டு வரும் அமைப்பு இப்போது இருக்கிறது. 1951-இல் பர்ட்டன் நின்ற மேடை சட்டகத்துக்குள் தள்ளி இருந்தது. ஆகவே அவர் நின்ற இடம் என்று காட்டக்கூடியது எதுவும் இங்கே மிச்சமில்லை.

ஆனால் அந்த ஆண்டு முக்கியமானது. பிரிட்டன் திருவிழா என்ற பெயரில் போருக்குப் பிந்தைய நாடு தன்னை உற்சாகப்படுத்திக்கொண்ட ஆண்டில், ஆன்டனி குவேல் தலைமையில் ஷேக்ஸ்பியரின் வரலாற்று நாடகங்கள் ‘இரண்டாம் ரிச்சர்ட்’ முதல் ‘ஐந்தாம் ஹென்றி’ வரை ஒரே தொடராக இங்கே மேடையேறின. குவேல் ஃபால்ஸ்டாஃப் வேடமேற்றார். மைக்கேல் ரெட்கிரேவ் இரண்டாம் ரிச்சர்ட். மதுக்கடையில் காலம் கழித்துப் பின்னர் அரசனாகும் இளவரசன் ஹால், 25 வயது பர்ட்டன். விமர்சகர் கென்னத் டைனன் அந்த நடிப்பைக் கண்டு பிரமித்து எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றே: அவர் புகழ்ந்தது அந்த இளைஞனின் அசைவின்மையை, மௌனத்தையே பேச வைக்கும் திறனை. சக நடிகர்கள் கூத்தடிக்கும் மதுக்கடைக் காட்சியில், வரப்போகும் பொறுப்பை எண்ணியபடி ஒதுங்கி நிற்கும் இளவரசனாக அவர் இருந்தார். உல்லாசமான ஹாலை எதிர்பார்த்து வந்த சிலருக்கு இது பிடிக்கவில்லை. தரை தேய்த்த எழுத்தரும் இந்த இளவரசனும் ஒரே ஆள்தான் என்று தோன்றுகிறது.

திங்கட்கிழமை, ஆக்ஸ்ஃபோர்ட்

டர்ல் தெருவில் உள்ள எக்ஸிட்டர் கல்லூரிக்குள் பார்வையாளர்களை அனுமதித்தார்கள். புல்வெளியும் தேவாலயமும் கொண்ட அந்தச் சிறிய முற்றத்தைச் சுற்றிவர ஐந்து நிமிடம் போதும். 1944-இல் விமானப்படைப் பயிற்சி மாணவர்களுக்கான ஆறு மாதக் குறுகிய படிப்பில் சேர்ந்து பர்ட்டன் இங்கே வந்தார். சுரங்கத் தொழிலாளியின் மகன் ஆக்ஸ்ஃபோர்டில் காலடி வைக்க அந்தக் காலத்தில் போர்தான் கதவைத் திறந்தது.

இங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் நெவில் காக்ஹில். மாணவர் நாடகக் குழுவுக்காக அவர் ‘மெஷர் ஃபார் மெஷர்’ நாடகத்தை இயக்கினார். ஒழுக்கத்தின் உருவமாகத் தன்னைக் காட்டிக்கொண்டு உள்ளே அழுகிப்போகும் ஆஞ்செலோ வேடம் பர்ட்டனுக்குக் கிடைத்தது. லண்டன் நாடகத் தயாரிப்பில் அன்று எல்லாவற்றையும் தீர்மானித்துக்கொண்டிருந்த பிங்கி போமான்ட் அதைப் பார்த்துவிட்டு, போர் முடிந்ததும் தன்னிடம் வரும்படி சொல்லிவிட்டுப் போனார். பர்ட்டன் 1947-இல் விமானப்படையிலிருந்து விடுபட்டதும் நேராக அவரிடம் போய்ச் சேர்ந்தார். தன்னிடம் படித்தவர்களில் கவிஞர் ஆடனையும் பர்ட்டனையும் மட்டுமே மேதைகள் என்று சொல்வேன் எனக் காக்ஹில் பிற்காலத்தில் கூறினார். ஆறு மாதம் மட்டும் படித்த மாணவரைப் பற்றி ஒரு பேராசிரியர் அப்படிச் சொல்வது அரிது.

குளோஸ்டர் தெருவில் பர்ட்டன் டெய்லர் அரங்கு என்ற மிகச் சிறிய அரங்கம் இருக்கிறது. இன்று மாணவர் குழுவொன்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்ததால் உள்ளே போக முடியவில்லை. கதவில் ஒட்டியிருந்த சுவரொட்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். 1966-இல் பர்ட்டனும் டெய்லரும், உலகிலேயே அதிகச் சம்பளம் வாங்கிய தம்பதியாக இருந்த நேரத்தில், ஆக்ஸ்ஃபோர்ட் பிளேஹவுஸில் மாணவர்களோடு சேர்ந்து மார்லோவின் ‘டாக்டர் ஃபாஸ்டஸ்’ நாடகத்தில் ஊதியமின்றி நடித்தார்கள். டெய்லருக்கு டிராயின் ஹெலன் வேடம். ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை. அந்த நாடகம் திரட்டிய நிதியின் நீட்சிதான் இந்த அரங்கம். மறு ஆண்டு காக்ஹிலும் பர்ட்டனும் இணைந்து இயக்கிய படப்பிரதி வெளிவந்தபோது விமர்சகர்கள் அதைக் கிழித்துப் போட்டார்கள். நானும் அந்தப் படத்தை முழுதாகப் பார்ப்பதற்கு மிகவும் சிரமப்பட்டேன். வண்ண விளக்குகளும் மண்டையோடுகளும் நிறைந்த அந்தப் படத்தில் பர்ட்டனின் குரல் மட்டும் தனியே, தனக்குரிய இன்னொரு நாடகத்தில் இருப்பதுபோல ஒலிக்கிறது.

தன் ஆன்மாவைச் சாத்தானுக்கு விற்ற அறிஞனின் வேடத்தைப் பர்ட்டன் ஏற்றதும், விற்றுவிட்டார் என்று எழுதக் காத்திருந்தவர்களுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது. ஆனால் கணக்கைப் பார்த்தால் அவர் மேடையை விட்டு முற்றிலும் விலகவில்லை. 1960-இல் பிராட்வேயில் ‘கேமலாட்’ இசை நாடகத்தில் ஆர்தர் மன்னராக நடித்து மறு ஆண்டு டோனி விருது பெற்றார். 1964-இல் கில்குட் இயக்க, ஒத்திகை உடைகளிலேயே நடிகர்கள் தோன்றிய ‘ஹாம்லெட்’, லண்ட்-ஃபான்டான் அரங்கில் 137 காட்சிகள் ஓடி, கில்குட்டே முன்பு வைத்திருந்த பிராட்வே சாதனையைக் கடந்தது. அந்த நாடகத்தைப் பல கேமராக்கள் வைத்துப் பதிவுசெய்து அமெரிக்கத் திரையரங்குகளில் இரண்டு நாள் மட்டும் திரையிட்டார்கள். அதன்பின் பிரதிகளை அழித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். பர்ட்டனின் மறைவுக்குப் பிறகு அவருடைய வீட்டில் ஒரு பிரதி கிடைத்ததால்தான் இன்று அதைப் பார்க்க முடிகிறது. கறுப்பு வெள்ளையில், ஒலித்தரம் சுமாராக இருந்தாலும், வேகம் வியக்க வைக்கிறது. பெருமூச்சுவிட்டுத் தயங்கும் ஹாம்லெட் அல்ல, கோபத்தில் கேலி செய்யும் ஹாம்லெட்.

செவ்வாய்க்கிழமை, கார்டிஃப்

மழை. ராயல் வெல்ஷ் இசை நாடகக் கல்லூரியில் 2011-இல் திறக்கப்பட்ட ரிச்சர்ட் பர்ட்டன் அரங்கத்தின் வரவேற்புக் கூடத்தில் காபி குடித்தேன். ஓல்ட் விக்கில் ஹாம்லெட்டாக நடிப்பதைவிட ஆர்ம்ஸ் பார்க் மைதானத்தில் வேல்ஸுக்காக ரக்பி விளையாடியிருந்தால் மகிழ்ந்திருப்பேன் என்று பர்ட்டன் சொன்னதுண்டு. அந்த மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில், மழையையும் பொருட்படுத்தாமல் சிவப்புச் சட்டையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தபோது, அவர் அதை விளையாட்டுக்காகச் சொல்லவில்லை என்று நம்பத் தோன்றியது. வேறு குறிப்பு இல்லை.

புதன்கிழமை, போர்ட் டால்பட்

கார்டிஃப்பிலிருந்து ரயில் போர்ட் டால்பட்டை நெருங்கும்போது கடற்பக்கம் எஃகு ஆலை மைல் கணக்கில் நீள்கிறது. ஆலை இப்போது டாடா நிறுவனத்தினுடையது. கடைசி ஊது உலை 2024 செப்டம்பர் 30 அன்று அணைக்கப்பட்டது. மின்வில் உலை கட்டும் வேலை நடக்கிறது. ஊரின் தலைக்கு மேலே எம்4 நெடுஞ்சாலை தூண்களில் செல்கிறது. 1966-இல் திறக்கப்பட்ட அந்தச் சாலைக்காக வீடுகளையும் ஜெபக்கூடங்களையும் இடித்தார்கள். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஆலையும் கடலும், நடுவே ஒரு கீற்றாக ஊர்.

பர்ட்டன் என்பது பிறப்பில் வந்த பெயர் அல்ல. 1925 நவம்பர் 10 அன்று பிறந்த ரிச்சர்ட் வால்டர் ஜென்கின்ஸ், பதின்மூன்று குழந்தைகளில் பன்னிரண்டாவது. கடைசிக் குழந்தை பிறந்த சில நாட்களில், 1927-இல், தாய் இறந்துவிட, மூத்த அக்கா செசிலியாவும் அவருடைய கணவர் எல்ஃபெட்டும் இரண்டு வயதுக் குழந்தையை இந்த ஊரின் டைபாக் பகுதிக்குத் தூக்கி வந்து வளர்த்தார்கள். அவர்கள் குடியிருந்த கேரடாக் தெரு மலைச்சரிவில் ஏறுகிறது. ஒன்றோடொன்று ஒட்டிய குறுகிய வீடுகள். வாசற்படியில் நின்றால் ஆலையின் புகைபோக்கிகள் தெரியும். தெருவில் இன்றும் மக்கள் குடியிருப்பதால் நான் எந்த வீட்டின் முன்னாலும் நிற்காமல் மேலே ஏறி இறங்கினேன். டைபாக் நூலகம் கீழே பிரதான சாலையில் இருக்கிறது. கைக்குக் கிடைத்ததை எல்லாம் வாசிக்கும் பழக்கம் அவருக்கு அங்கே பிடித்தது.

இந்த ஊரில் நடந்த மூன்று விஷயங்கள் இல்லாமல் அந்த நடிகர் உருவாகியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

குடும்பத்தில் பணமுடை ஏற்பட்டதால் 1941-இல் அவர் பள்ளியை விட்டு நின்று, கூட்டுறவுக் கடையின் ஆண்கள் ஆடைப் பிரிவில் விற்பனையாளராகச் சேர்ந்தார். போர்க்காலம், துணிக்கும் ரேஷன். கூப்பன் கணக்கில் அவர் கெட்டிக்காரராக இல்லை என்பது அவரே சொன்னது. அந்தக் காலத்தில் மாலை வேளைகளில் இளைஞர் மன்றத்துக்குப் போகத் தொடங்கினார். அங்கே நாடகம் நடத்திக்கொண்டிருந்த லியோ லாய்ட் ஓர் எஃகு ஆலைத் தொழிலாளி. அவர் மேடையேற்றிய ‘த பிஷப்ஸ் கேண்டில்ஸ்டிக்ஸ்’ என்ற நாடகத்தில் தப்பியோடிய கைதியின் வேடம் பர்ட்டனுக்குக் கிடைத்தது. அது முழுக்க முழுக்க வசனமில்லாத அபிநய நாடகம். உலகம் குரலுக்காகக் கொண்டாடிய நடிகர் முதலில் கைதட்டல் வாங்கியது வாயைத் திறக்காமல். லண்டனிலும் ஸ்ட்ராட்ஃபோர்டிலும் நான் குறித்துவைத்த அந்த அசைவின்மையின் தொடக்கம் இங்கே இருக்கிறது.

இரண்டாவது, ஊர்ப் பெரியவர்களின் முயற்சியால் 1942-இல் அவர் மீண்டும் பள்ளிக்குப் போனது. வேலைக்குப் போய்விட்ட பையனைப் பள்ளி திரும்பச் சேர்த்துக்கொள்வது அன்று வழக்கமில்லாத காரியம். மூன்றாவது, அந்தப் பள்ளியின் ஆங்கில ஆசிரியர் ஃபிலிப் பர்ட்டன்.

ஃபிலிப்பும் சுரங்கத் தொழிலாளியின் மகன். தந்தையைச் சுரங்கத்தில் இழந்தவர். நாடகத்தின் மீது தீராத ஆசை கொண்டு, தானே நடிகராக முடியாமல் போனவர். கன்னாட் தெருவில் வாடகைக்குக் குடியிருந்த அவர், 1943-இல் மாணவரைத் தன்னோடு தங்கவைத்துக்கொண்டார். சட்டப்படி தத்தெடுக்க முயன்றபோது, இருவருக்கும் இடையே 21 ஆண்டு வயது வித்தியாசம் இருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே வந்தது. இருபது நாள் குறைந்தது. அதனால் காப்பாளரானார். தந்தை கையெழுத்திட்டுக் கொடுத்தார், ஜென்கின்ஸ் பர்ட்டனானார்.

பயிற்சி நடந்த விதத்தைப் பற்றி இருவருமே எழுதியிருக்கிறார்கள், பேசியிருக்கிறார்கள். ஊருக்குப் பின்னாலுள்ள மலைக்கு மாணவரை அழைத்துப் போய், ‘ஐந்தாம் ஹென்றி’யின் தொடக்க உரையைப் பேசச் சொல்லிவிட்டு, ஆசிரியர் மெல்ல விலகி நடந்துகொண்டே போவார். எவ்வளவு தூரம் போனாலும் ஒவ்வொரு சொல்லும் அவருக்குக் கேட்க வேண்டும். ஆனால் மாணவர் கத்தக் கூடாது. நான் இன்று பிற்பகல் அந்த மலையடிவாரப் பாதையில் அரை மணி நேரம் ஏறினேன். காற்று விசும்பிக்கொண்டே இருக்கிறது. கீழே நெடுஞ்சாலையின் இரைச்சல் விடாமல் வருகிறது. ஐம்பது அடி தூரத்தில் நாயோடு நடந்து வந்த ஒரு பெரியவர் எனக்கு வணக்கம் சொன்னது காதில் விழவில்லை. அவர் கை அசைத்ததைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். அந்தக் குரலைக் கேட்கும்போது நமக்குத் தோன்றும் விரிவு, ஒவ்வொரு மெய்யெழுத்தும் முழுமையாக விழும் தெளிவு, உரத்துப் பேசாமலே அரங்கத்தின் கடைசி வரிசை வரை செல்லும் பாய்ச்சல், இவை வேல்ஸ் ரத்தத்தின் இயற்கை வரம் என்று பத்திரிகைகள் எழுதுவதை இனி நான் ஏற்கப் போவதில்லை. மாதக்கணக்கான, வலிக்க வலிக்கச் செய்த கடும் பயிற்சி அது.

1943-இல் நாடக ஆசிரியரும் நடிகருமான எம்லின் வில்லியம்ஸ் வேல்ஸ் இளைஞர்கள் தேவை என்று நாளிதழில் விளம்பரம் கொடுக்க, ஃபிலிப் மாணவரை அனுப்பிவைத்தார். ‘த ட்ரூயிட்ஸ் ரெஸ்ட்’ நாடகத்தில் சிறு வேடம். லண்டன் விமர்சனம் ஒன்றில், மோசமான வேடத்திலும் இவர் அசாதாரணத் திறமை காட்டினார் என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரிதான் தன் வாழ்க்கையைத் திருப்பியது என்று பர்ட்டன் பின்னாளில் சொன்னார்.

இதே ஊரில் நடிகர் ஆன்டனி ஹாப்கின்ஸ் பிறந்தார். இன்னொரு நடிகர் மைக்கேல் ஷீன் வளர்ந்தார். அக்கா வீட்டுக்கு வந்திருந்த பர்ட்டனிடம் கையெழுத்து வாங்கப் போன ரொட்டிக்கடைக்காரர் மகன்தான் ஹாப்கின்ஸ். ‘ஈக்வஸ்’ நாடகத்தின் மனநல மருத்துவர் வேடத்தைப் பிராட்வேயில் 1974-இல் தொடங்கிவைத்தவர் ஹாப்கின்ஸ்; 1976-இல் அதே வேடத்துக்குப் பர்ட்டன் வந்து சேர்ந்தார். ஒரே ஊரின் இரண்டு பேர் நியூயார்க்கில் ஒரே பாத்திரத்தை ஏற்றது தற்செயல்தான். ஆனாலும் கேரடாக் தெருவில் நின்றுகொண்டு அதை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வியாழக்கிழமை, பொன்ட்ரிடிவென்

பேருந்தில் அவான் பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் எஃகு ஆலையின் நினைவே மறைந்துவிடுகிறது. அவானும் பெலென்னாவும் சேரும் இடத்தில் உள்ள இந்தக் கிராமத்துக்கு மேலே நான்கு வளைவுகள் கொண்ட கல்பாலம் நிற்கிறது. 1820-களில் இரும்பு உருக்காலைக்குத் தண்ணீர் கொண்டுசெல்லக் கட்டிய நீர்ப்பாலம் அது. இன்று மேலே நடைபாதை. பர்ட்டன் பிறந்த வீடு அதன் காலடியில்.

ஊரில் பார்க்க அதிகம் இல்லை. பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தால் கூரைகள், ஆறு, எதிர்ச்சரிவில் காடு. அந்தக் காட்டுக்கு அடியில் எல்லாம் சுரங்கம் இருந்தது. இங்கே வீட்டிலும் ஜெபக்கூடத்திலும் வெல்ஷ் மொழியே பேசினார்கள். டைபாக்கில் தெருவும் பள்ளியும் ஆங்கிலம். அதனால் பர்ட்டனுக்கு ஆங்கிலம், ஆசிரியரிடமும் நூலகத்திலும் கவனமாகக் கற்றுக்கொண்ட மொழியாகவே இருந்தது. அந்தக் கவனம் கடைசிவரை அவர் பேச்சில் இருந்தது.

தந்தை டிக் ஜென்கின்ஸ் திறமையான சுரங்கத் தொழிலாளி, பெருங்குடிகாரர். மகனுடைய படம் ஒன்றைப் பார்க்கக் கிளம்பியவர் வழியிலுள்ள மதுக்கடைகளை எல்லாம் கௌரவித்துவிட்டுத் திரையரங்கில் உட்கார்ந்ததாகவும், திரையில் மகன் கோப்பையில் மதுவை ஊற்றியதைக் கண்டதும் இதுதான் சரி என்று எழுந்து போய்விட்டதாகவும் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. 1957-இல் அவர் இறந்தபோது மகன் அடக்கத்துக்கு வரவில்லை. அதே ஆண்டுதான் வரிச்சுமைக்கு அஞ்சிப் பர்ட்டன் சுவிட்சர்லாந்தின் செலின்யி கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார். வேல்ஸை விட்டுப் போனவர் அந்த வீட்டுக்கு வேல்ஸ் என்றே பிரெஞ்சில் பெயரிட்டார். 1984 ஆகஸ்ட் 5 அன்று மூளை ரத்தக்கசிவால் 58 வயதில் இறந்து, வேல்ஸ் கவிஞர் டிலன் தாமஸின் கவிதைத் தொகுப்போடு அங்கேயே அடக்கமானார். சில நாள் கழித்து இந்தக் கிராமத்தின் ஜெபக்கூடத்தில் வெல்ஷ் பாடல்களோடு நினைவு வழிபாடு நடந்தது.

மதிய உணவுக்கு நின்ற இடத்தில் சுவரில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று பர்ட்டன், இன்னொன்று பாடகர் ஐவர் எமானுவேல். அவரும் இந்த ஊர்க்காரர்தான் என்பதை அப்போதுதான் நினைவுகூர்ந்தேன். 1964-இல் வந்த ‘ஸூலு’ படத்தில் வேல்ஸ் படைவீரர்களைப் பாடவைப்பவர் எமானுவேல். அந்தப் படத்துக்குப் பின்னணி உரை பேசியவர் பர்ட்டன். சில நூறு வீடுகள் உள்ள ஒரு கிராமத்தின் இரண்டு குரல்கள் ஒரே படத்தில்.

குரல் மட்டும் தேவைப்பட்ட இடங்களில் பர்ட்டன் தோற்றதே இல்லை என்பேன். டிலன் தாமஸ் இறந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1954 ஜனவரி 25 அன்று பிபிசி வானொலி ஒலிபரப்பிய தாமஸின் ‘அண்டர் மில்க் வுட்’ நாடகத்தில் கதைசொல்லியான முதல் குரல் பர்ட்டனுடையது. அதில் அவர் மிகையாக எதுவும் செய்யவில்லை. உறங்கும் ஊரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோலப் பேசுகிறார். 1978-இல் ஜெஃப் வெய்னின் ‘வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்’ இசைத்தட்டில் கதைசொல்லி அவர்தான். இங்கிலாந்தில் அவருடைய படம் ஒன்றையும் பார்க்காத தலைமுறைக்கு அவரை அந்த இசைத்தட்டு அறிமுகம் செய்தது. திரையில்தான் அந்தக் குரல் பல நேரம் பிரச்சினையானது. ‘த ரோப்’ படத்தில் ஓல்ட் விக்கின் கடைசி வரிசைக்குப் பேசுவதுபோலப் பேசுகிறார். கேமராவோ ஆறடி தூரத்தில் நிற்கிறது. 1955-இல் ‘த ரெயின்ஸ் ஆஃப் ராஞ்சிபூர்’ என்ற படத்தில் அவருக்கு இந்திய மருத்துவர் வேடம். முகத்தில் பூச்சும் தலைப்பாகையுமாக அவர் காதல் வசனம் பேசுவதை நாம் சிரிக்காமல் பார்ப்பது கடினம்.

வெள்ளிக்கிழமை, ஸ்வான்ஸீ

பல்கலைக்கழக வளாகம் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. பர்ட்டனின் கடைசி மனைவி சாலி வழங்கிய நாட்குறிப்புகளும் கடிதங்களும் இங்குள்ள ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அந்தக் காப்பகத்துக்கே அவர் பெயர்தான். நாட்குறிப்புகள் 2012-இல் கிறிஸ் வில்லியம்ஸ் பதிப்பித்த பெரிய நூலாக வந்துவிட்டன. நூலகத்தில் அதை எடுத்து வைத்துக்கொண்டு மாலை வரை உட்கார்ந்திருந்தேன்.

1939-இல் பள்ளிச் சிறுவனாக எழுதத் தொடங்கியது, இடைவெளிகளோடு 1983 வரை போகிறது. சிறுவனின் குறிப்புகள் ஒரு வரி, இரண்டு வரி: ஜெபக்கூடத்துக்குப் போனது, படம் பார்த்தது, ரக்பி ஆடியது. டெய்லரோடு வாழ்ந்த ஆண்டுகளில் பக்கங்கள் பெருகுகின்றன. என்ன சாப்பிட்டார், என்ன படித்தார், யாரிடம் எரிந்து விழுந்தார், எவ்வளவு குடித்தார் என்பதெல்லாம் கூச்சமில்லாமல் இருக்கிறது. இரண்டு நாளில் நான்கு புத்தகம் முடிப்பவராகத் தெரிகிறார். செலின்யியில் 1968-இல் நடந்த ஒரு விபத்தில் கழுத்து முறிந்து முடங்கிப்போன அண்ணன் ஐவரைப் பற்றிய துயரம் அங்கங்கே தலைகாட்டுகிறது. இல்லாதது ஒன்றே: எப்படி நடித்தார் என்ற விவரம். படப்பிடிப்பு நாட்களிலும் நடிப்பைப் பற்றி அலுப்போடு ஒரு வரி எழுதிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார். எழுத்தாளராகவோ ஆக்ஸ்ஃபோர்ட் ஆசிரியராகவோ இருந்திருக்கலாம் என்ற ஏக்கமே மிகுதி.

ஆகவே அவருடைய தொழிலைப் பற்றித் தெரிந்துகொள்ளப் படங்களிடமே போக வேண்டியிருக்கிறது. ‘கிளியோபாட்ரா’ படப்பிடிப்பின்போது டெய்லர் ஒன்றுமே செய்யாமல் நிற்கிறார் என்று நினைத்ததாகவும், பிறகு திரையில் பார்த்தபோதுதான் கேமராவுக்கு எவ்வளவு குறைவாகச் செய்தால் போதும் என்பது புரிந்ததாகவும் பர்ட்டன் சொல்லியிருக்கிறார். என் கணிப்பில் அவர் டெய்லரிடம் புதிதாகக் கற்கவில்லை. இளைஞர் மன்றத்துக் கைதியிடமும் தரை தேய்த்த எழுத்தரிடமும் ஏற்கெனவே இருந்ததை, ஃபிலிப்பின் மலைப்பயிற்சி மறைத்துவிட்டிருந்ததை, மீட்டுக்கொண்டார். 1965-இல் இயக்குநர் மார்ட்டின் ரிட் ‘த ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்’ படத்தில் அந்தக் குரலின் மினுமினுப்பை எல்லாம் களையச் சொல்லி அவரோடு மல்லுக்கு நின்றார். இருவரும் சுமுகமாகப் பிரியவில்லை, படம் நன்றாக வந்தது. மறு ஆண்டு வந்த ‘ஹூ இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா வுல்ஃப்’பில் தோற்றுப்போன வரலாற்றுப் பேராசிரியராக, மனைவியின் ஏச்சுகளுக்கு நடுவே அவர் கேட்டுக்கொண்டிருக்கும் நேரங்களே அதிகம் பேசுகின்றன. டெய்லருக்கு ஆஸ்கர் கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. ஏழு முறை பரிந்துரைக்கப்பட்டு ஒரு முறையும் வெல்லாதவர்.

எழுபதுகளின் பல படங்களை நான் காப்பாற்ற முயலவில்லை. ‘புளூபியர்ட்’, ‘த கிளான்ஸ்மேன்’, ‘எக்ஸார்சிஸ்ட்’டின் இரண்டாம் பாகம் ஆகியவற்றில் அவர் இருந்த இடத்தில் வேறு யார் இருந்திருந்தாலும் நஷ்டமில்லை. குடி அவரைத் தின்றது என்பதும் உண்மை. ஆனால் மேடைக்குரியவர் சினிமாவுக்குப் போய்க் கெட்டார் என்ற தீர்ப்பு, அவருடைய மிகச் சிறந்த பத்து வேலைகளில் பாதி திரையிலும் ஒலிப்பதிவிலும் இருப்பதை எப்படிக் கணக்கில் எடுக்கும் என்று எனக்குப் புரியவில்லை.

கடைசிப் படம் ‘நைன்டீன் எய்ட்டி ஃபோர்’, 1984-இல் எடுக்கப்பட்டு, அவர் இறந்த பிறகு வெளிவந்தது. விசாரணை அதிகாரி ஓ’பிரையன் வேடம். முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சைக்குப் பின் உடல் நலிந்திருந்த அவர், மனிதனைச் சித்திரவதை செய்யும் காட்சிகளில், நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்த நல்ல மருத்துவரைப்போலத் தணிந்த குரலில், ஏறக்குறைய ஒரே சுருதியில் பேசுகிறார். கைகள் அசைவதில்லை.

பர்ட்டனை இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் 1954 வானொலிப் பதிவை முதலில் கேளுங்கள். அடுத்து உளவாளிப் படம். அதற்குப் பிறகு ஓ’பிரையன். ‘கிளியோபாட்ரா’ நான்கு மணி நேரம் ஓடும். விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளலாம்.